ஃபயர்வாலின் கான்ஃபிக் பூட்டு யாரைத் தடுக்கிறது?

ஓசூரில் நெட்வொர்க் நிர்வாகப் பணிக்குப் புதிதாக வருகிறவர்கள், நெட்வொர்க்கில் எந்தப் போக்குவரத்தை விடுவது, எதைத் தடுப்பது என்று தீர்மானிக்கும் கருவிகளான ஃபயர்வால்களின் மத்திய மேலாண்மைத் திரையை முதன்முதலாகத் திறக்கும்போது, மேல் ஓரத்தில் இருக்கும் சிறிய பூட்டுச் சின்னத்தைச் சுட்டிக்காட்டி, ‘இதைப் போட்டு வைத்தால்தான் பாதுகாப்பா?’ என்று கேட்பதுண்டு. பூட்டு என்றால் திருடனுக்குத்தான் என்று பழகிய மனத்தில் எழும் கேள்வி அது. அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பூட்டுக்கும் திருடனுக்கும் தொடர்பே இல்லை. முறையான கடவுச்சொல்லோடு, முறையான அதிகாரத்தோடு, அடுத்த மேசையிலோ அடுத்த ஊரிலோ உட்கார்ந்து அதே திரையைத் திறந்து வைத்திருக்கும் நம் சக ஊழியரைச் சற்றுப் பொறுத்திருக்கச் சொல்வதற்காக வைக்கப்பட்ட பூட்டு இது. பாதி எழுதிய வேலை வெளியே போய்விடாமல் காப்பது ஒன்றே இதன் தொழில்.

இதை விளக்க ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தலைமை அலுவலகம் ஓசூர் சிப்காட்டில் இருக்கிறது. மாங்கூழ் ஆலை காவேரிப்பட்டணத்தை ஒட்டி இருக்கிறது. குளிர்பதனக் கிடங்கு கிருஷ்ணகிரியிலும், தக்காளிக் கொள்முதல் நிலையம் பாலக்கோட்டிலும், விற்பனை அலுவலகம் தருமபுரியிலும் இருக்கின்றன. ஐந்து இடங்களிலும் ஐந்து ஃபயர்வால்கள். எந்தக் கணினி எதனோடு பேசலாம், எதனோடு பேசக் கூடாது என்ற விதிகளை ஒவ்வொரு பெட்டியிலும் தனித்தனியாக நுழைந்து எழுதினால், ஓர் இடத்தில் எழுதியதை இன்னோர் இடத்தில் மறப்பது நிச்சயம். அதனால் விதிகளை ஓரிடத்தில் எழுதி எல்லாப் பெட்டிகளுக்கும் அனுப்பும் மேலாண்மைச் சர்வர் ஒன்றை ஓசூரில் வைக்கிறார்கள். பாலோ ஆல்டோ நிறுவனத்தின் பேனோரமா, ஃபோர்ட்டிநெட்டின் ஃபோர்ட்டிமேனேஜர், செக் பாயின்ட்டின் மேலாண்மைச் சர்வர் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. கீழே வரும் விளக்கத்துக்குப் பெரும்பாலும் பேனோரமாவையே எடுத்துக்கொள்கிறேன். பூட்டைப் பற்றிய எண்ணம் அதில் மிகத் தெளிவாகப் பிரிந்து நிற்கிறது என்பது என் கருத்து.

ஃபயர்வாலுக்கென எழுதும் விதிகளும் மற்ற ஏற்பாடுகளும் சேர்ந்ததே அமைவு, அதாவது கான்ஃபிக். பூட்டைப் புரிந்துகொள்ளும் முன் வரைவு அமைவு, நடப்பு அமைவு என்ற இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். திரையில் நீங்கள் ஒரு விதியைச் சேர்த்து ‘ஓகே’ அழுத்தியதும் அது நடைமுறைக்கு வந்துவிடுவதில்லை. வரைவில் போய் உட்காருகிறது, அவ்வளவுதான். ‘கமிட்’ கொடுக்கும்போதுதான் வரைவு சரிபார்க்கப்பட்டு நடப்பு அமைவாக மாறுகிறது. பேனோரமாவில் இதற்கு மேலும் ஒரு படி உண்டு: முதலில் பேனோரமாவுக்குள்ளேயே கமிட், பிறகு அங்கிருந்து ஃபயர்வால்களுக்குப் ‘புஷ்’. இதில் புதியவர்கள் தவறவிடும் செய்தி ஒன்று இருக்கிறது. அந்த வரைவு ஆளுக்கொன்று அன்று. நிர்வாகிகள் மூவர் இருந்தாலும் முப்பது பேர் இருந்தாலும் எல்லாரும் எழுதுவது ஒரே வரைவில்தான். பூட்டு என்ற ஏற்பாடு தேவைப்படுவதற்கு மூலகாரணம் இதுவே.

கல்யாணப் பத்திரிகை அடித்த குடும்பங்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. தருமபுரிக் கடைவீதி அச்சகம் ஒன்றில் பத்திரிகையின் புரூஃப் தாள் மேசைமேல் கிடக்கிறது. மூத்தவர் சிவப்புப் பேனாவை எடுத்து, மூன்றாம் வரியில் இருக்கும் தாய்மாமன் பெயரை அடித்துவிட்டு, அதை மேலே முதல் வரிக்குக் கொண்டுபோக நினைக்கிறார். அதற்குள் தொலைபேசி அழைக்கிறது, வெளியே போகிறார். அந்த நேரத்தில் இளையவர் வந்து, மண்டபத்தின் பெயரில் இருந்த ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு, ‘எல்லாம் சரியாயிற்று, அச்சேற்றிவிடுங்கள்’ என்று சொல்லிப் போய்விடுகிறார். மண்டபத்தின் பெயர் சரியாகவும், தாய்மாமன் பெயர் இல்லாமலும் 500 பத்திரிகைகள் அச்சாகி வருகின்றன. இளையவர் செய்த திருத்தத்தில் குற்றமில்லை. மூத்தவர் செய்யவிருந்ததிலும் குற்றமில்லை. தாள் ஒன்று, கைகள் இரண்டு என்பதுதான் சிக்கல்.

இதைத் தவிர்க்க மூத்தவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தொலைபேசி பேசப் போயிருக்கலாம். அப்போது வேறு யாரும் அதில் எழுத முடியாது. அல்லது தாளை மேசையிலேயே விட்டுவிட்டு, அச்சகக்காரரிடம், ‘யார் வேண்டுமானாலும் திருத்தட்டும், நான் சொல்லாமல் மட்டும் அச்சேற்றாதீர்கள்’ என்று சொல்லிப் போயிருக்கலாம். பாலோ ஆல்டோவில் இருக்கும் இரண்டு பூட்டுகளும் இந்த இரண்டு வழிகள்தாம்.

முதலாவது கான்ஃபிக் பூட்டு. அதை ஒருவர் போட்டுவிட்டால் மற்ற நிர்வாகிகளால் வரைவில் மாற்றம் செய்ய முடியாது. பார்க்கலாம், எழுத முடியாது. இரண்டாவது கமிட் பூட்டு. அதை ஒருவர் போட்டிருக்கும்போது மற்றவர்கள் வரைவில் எழுதிக்கொண்டே இருக்கலாம், ஆனால் அந்தப் பூட்டு விடுபடும்வரை அவர்களால் கமிட் செய்ய முடியாது. இருவர் ஒரே நேரத்தில் கமிட் பூட்டு போட்டிருந்தால், இருவருடைய பூட்டும் விடுபட்ட பிறகுதான் மூன்றாமவருக்கு வழி திறக்கும். எந்தப் பூட்டை யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்பதை எந்த நிர்வாகியும் பூட்டுச் சின்னத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். போடும்போது ஒரு குறிப்பு எழுதவும் இடம் உண்டு. அந்தக் குறிப்பைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டும் விடுபடும் விதத்தில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது. கமிட் பூட்டு, அதைப் போட்டவர் தம் மாற்றங்களைக் கமிட் செய்தவுடன் தானாகவே விடுபட்டுவிடும். வேண்டுமானால் அவர் கையாலும் எடுக்கலாம். கான்ஃபிக் பூட்டு தானாக விடுபடாது. போட்டவர் எடுக்க வேண்டும், அல்லது சூப்பர்யூசர் என்ற முழு அதிகாரம் கொண்ட நிர்வாகி எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் கணினியை மூடிவிட்டுப் பேருந்து ஏறிவிட்டால், பூட்டு அப்படியே நிற்கும். இதனால் தினசரிச் சில்லறை வேலைகளுக்குக் கமிட் பூட்டே போதுமானது என்பது என் எண்ணம். விதிகளை வரிசை மாற்றுவது, ஓர் ஆலையின் முகவரித் தொகுதி முழுவதையும் புதிதாக எழுதுவது போன்ற, நடுவில் இன்னொருவர் ஒரு வரி மாற்றினாலும் கணக்கு தவறிவிடும் வேலைகளுக்கு மட்டும் கான்ஃபிக் பூட்டை வைத்துக்கொள்ளலாம். வரைவில் ஒரு மாற்றம் செய்த உடனேயே கமிட் பூட்டு தானாகப் போட்டுக்கொள்ளும்படி செய்ய ஓர் அமைப்பும் உண்டு. நிர்வாகிகள் ஒருவருக்கு மேற்பட்டவர்களாக இருக்கும் இடத்தில் அதை இயக்கி வைப்பது நல்லது, ஏனென்றால் பூட்டுப் போட மறப்பது மனித இயல்பு.

பூட்டு எவ்வளவு இடத்துக்கு என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பேனோரமாவில் விதிகளும் முகவரிகளும் ‘டிவைஸ் குரூப்’ என்ற தொகுதிகளுக்குள் இருக்கின்றன. இடைமுகங்கள், வழித்தடங்கள், நேரக் கடிகாரம் போன்ற பெட்டி சார்ந்த அமைவுகள் ‘டெம்ப்ளேட்’ என்ற தொகுதிகளுக்குள் இருக்கின்றன. எல்லாருக்கும் பொதுவானவை ‘ஷேர்டு’ என்ற பொதுப் பகுதியில் இருக்கின்றன. காவேரிப்பட்டணம் ஆலையின் டிவைஸ் குரூப்புக்கு மட்டும் நீங்கள் பூட்டுப் போட்டால், தருமபுரி விற்பனை அலுவலகத்தின் டிவைஸ் குரூப்பில் இன்னொருவர் தம் வேலையைத் தொடரலாம். வீட்டில் ஓர் அறைக்குப் பூட்டுப் போடுவதற்கும் தெருக்கதவுக்கே பூட்டுப் போடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. தேவைக்கு மேல் பெரிய பூட்டைப் போடுகிறவர் மேல் சக நிர்வாகிகளுக்கு மரியாதை வெகுநாள் நிற்பதில்லை.

பூட்டை உடைத்த ஒரு சனிக்கிழமை

இதைப் புத்தகத்தில் படித்ததைவிட ஒரு தவற்றின் வழியாகவே நான் சரியாகக் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன், இப்போது நான் இல்லாத ஒரு நிறுவனத்தில், ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை மாலை. மாங்கூழ் ஆலைகளுக்கு அது உச்சக்கட்டக் காலம். பெங்களூரா மாங்காய் ஏற்றிய டெம்போக்களும் டிராக்டர்களும் ஆலை வாசலில் விடியற்காலையிலேயே வரிசை கட்டிவிடும். எடை மேடையில் இருக்கும் கணினி, ஒவ்வொரு வண்டியின் எடையையும் தலைமை அலுவலகச் சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து சீட்டு எண் வாங்கி, விவசாயிக்குச் சீட்டு அச்சிட்டுக் கொடுக்கும். அந்த ஆலையிலிருந்து தலைமை அலுவலகத்துக்குப் போகும் எல்லாப் போக்குவரத்தையும் அனுமதிக்கும் அகலமான விதி ஒன்று பல காலமாக இருந்தது. அதை எடுத்துவிட்டு, எடை மேடைக்கு ஒன்று, கணக்குப் பிரிவுக்கு ஒன்று, கண்காணிப்புக் கேமராவுக்கு ஒன்று என மூன்று குறுகிய விதிகளாக மாற்றும் வேலை என்னிடம் இருந்தது.

கான்ஃபிக் பூட்டுப் போட்டேன். குறிப்பு எழுதும் கட்டத்தைக் காலியாக விட்டேன். அகலமான விதியை முடக்கினேன். கணக்குப் பிரிவுக்கும் கேமராவுக்கும் விதிகளை எழுதினேன். எடை மேடை எந்த போர்ட் எண்ணில் (சேவையை அடையாளம் காட்டும் எண்) பேசுகிறது என்பது உறுதியாகத் தெரியாததால், திங்கட்கிழமை கேட்டுக்கொள்ளலாம் என்று நிறுத்தினேன். கமிட் செய்யவில்லை, ஆகவே ஆபத்தில்லை. பூட்டும் போட்டிருக்கிறேன், ஆகவே யாரும் கைவைக்க மாட்டார்கள். இப்படிக் கணக்குப் போட்டுக்கொண்டு பென்னாகரத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் குடும்பத்தோடு ஒகேனக்கல்லில் பரிசலில் இருந்தபோது கைப்பேசி பைக்குள் இருந்தது.

சனிக்கிழமை காலை, வேறொரு கிளையில் அவசரமாக ஓர் இணையவழிச் சேவையைத் திறந்துவிட வேண்டிய தேவை வந்திருக்கிறது. பணியில் இருந்த மூத்த நிர்வாகி என் பூட்டைப் பார்த்து, என்னை நான்கு முறை அழைத்துப் பார்த்து, கிடைக்காமல், சூப்பர்யூசர் அதிகாரத்தில் பூட்டை எடுத்தார். தமக்கு வேண்டிய விதியை எழுதி, முழுவதையும் கமிட் செய்து, எல்லா ஃபயர்வால்களுக்கும் புஷ் கொடுத்தார். அவருடைய விதி வேலை செய்தது. அதே நிமிடத்தில் எடை மேடை ஊமையாகிவிட்டது. பிற்பகல்வரை எடையைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். எட்டு மணி வண்டிக்குச் சீட்டு கிடைத்தபோது மணி மூன்று.

இதில் அறிய வேண்டியது என்னவென்றால், பூட்டை எடுத்தால் வரைவு அழிந்துவிடுவதில்லை. நான் முடக்கிய விதி முடக்கியபடியே, நான் எழுதாமல் விட்ட விதி இல்லாமலே, பொதுவான அந்த வரைவில் காத்துக்கொண்டிருந்தது. பூட்டு என் வேலையைச் சுற்றிப் போட்ட வேலியாகத்தான் இருந்தது. வேலியைப் பிரித்ததும் அரைகுறை வேலை எல்லாருடைய வேலையோடும் கலந்துவிட்டது. கமிட் செய்யும் முன் ‘மாற்றங்களின் முன்னோட்டம்’ என்ற வசதியைத் திறந்திருந்தால், வரைவுக்கும் நடப்புக்கும் இடையிலுள்ள வேறுபாடு அருகருகே தெரிந்திருக்கும். மேலும் பாலோ ஆல்டோ கருவிகளின் இயங்குதளமான பான்ஓஎஸ்ஸின் 8.0 பதிப்பிலிருந்து, ஒரு நிர்வாகி தாம் செய்த மாற்றங்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கமிட் செய்யவும் முடியும். அதைச் செய்திருந்தால் என் அரைகுறை விதிகள் வரைவிலேயே கிடந்திருக்கும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு: உங்கள் விதி, இன்னொருவர் புதிதாக உருவாக்கி இன்னும் கமிட் செய்யாத முகவரிப் பெயர் ஒன்றைக் குறிப்பிட்டால், உங்களுடையதை மட்டும் தனியே பிரித்து அனுப்ப முயலும்போது சரிபார்ப்பில் தவறு என்று திரும்பி வரும்.

மூத்த நிர்வாகியின் மேல் அப்போது எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை. காலியாக விட்ட குறிப்புக் கட்டம் என்னுடையது.

பூட்டு ஆளுக்கா, அமர்வுக்கா?

எல்லா நிறுவனங்களின் பூட்டும் இதே போல் நடந்துகொள்ளும் என்று எண்ணிவிடக் கூடாது. ஃபோர்ட்டிமேனேஜரில் நிர்வாகப் பரப்பு ‘ஏடாம்’ என்ற பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. அதில் பூட்டு முறையை இயக்கிய பிறகு, ஓர் ஏடாமில் எழுத வேண்டுமென்றால் முதலில் அதைப் பூட்டியாக வேண்டும். பூட்டாதவருக்குப் படிக்க மட்டுமே அனுமதி. நாம் பூட்டியிருந்தால் பச்சைப் பூட்டும், வேறொருவர் பூட்டியிருந்தால் சிவப்புப் பூட்டும் தெரியும். பாலோ ஆல்டோவில் பூட்டு என்பது வேண்டியவர் போட்டுக்கொள்வது. இங்கே பூட்டாமல் பேனாவே எழுதாது. ஆனால் இந்த முறையை இயக்காமல் விட்டிருந்தால் பலர் ஒரே நேரத்தில் எழுதலாம் என்பதும், ஒருவர் எழுதியதை மற்றவர் எழுதியது மேலெழுதிவிடலாம் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

செக் பாயின்ட், ஆர்80 பதிப்பிலிருந்து வேறு பாதையில் போயிற்று. அங்கே ஒவ்வொரு நிர்வாகியும் தமக்கென ஓர் அமர்வில் வேலை செய்கிறார். அவர் தொட்ட விதியோ, முகவரி போன்ற பொருளோ மட்டும் மற்றவர்களுக்குப் பூட்டப்படுகிறது, மீதி எல்லாம் திறந்திருக்கிறது. அவர் ‘பப்ளிஷ்’ செய்யும்வரை அவருடைய மாற்றங்கள் மற்றவர்களுக்குத் தெரியாது. பப்ளிஷ் செய்ததும் பூட்டு விடுபடுகிறது. அதற்குப் பிறகும், பாலிசியை, அதாவது விதித் தொகுப்பை, நிறுவும் கட்டளை கொடுத்த பின்னரே ஃபயர்வாலில் அது நடைமுறைக்கு வரும். அச்சகத்தில் ஒரே தாளுக்குப் பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு நகல் கொடுத்து, அவரவர் தொட்ட வரியை மட்டும் மற்றவர் தொடாமல் பார்த்துக்கொள்வது போன்ற ஏற்பாடு இது. பலர் வேலை செய்யும் இடத்துக்கு இதுவே வசதியானது. ஆனால் யாரோ ஒருவர் பப்ளிஷ் செய்யாமல் விட்ட அமர்வில் ஒரு விதி மாட்டிக்கொண்டு நிற்கும் தொல்லை இங்கும் உண்டு.

நெட்வொர்க் கருவிகளை நிரல் வழியாக அமைப்பதற்கென 2011-இல் வெளியான ஆர்எஃப்சி 6241 என்ற தரநிலை, நெட்கான்ஃப் என்ற நெறிமுறையில் பூட்டை எப்படிக் கையாள வேண்டும் என்று வரையறுத்திருக்கிறது. அதன்படி பூட்டு என்பது குறுகிய நேரத்துக்கானது. அதை வைத்திருக்கும் அமர்வு எந்தக் காரணத்தால் முடிந்தாலும், இணைப்பு அறுந்தே முடிந்தாலும், பூட்டு விடுபட்டுவிடும். மேலும் வரைவில் யாரோ கமிட் செய்யாமல் விட்ட மாற்றம் ஏற்கெனவே கிடந்தால், பூட்டு கேட்பவருக்குக் கொடுக்கப்படாது. அடுத்தவர் விட்டுப்போன எச்சத்தின்மேல் உங்கள் வேலையைத் தொடங்காமல் காப்பதற்கான விதி அது. என் சனிக்கிழமைக் கதையை நினைத்துப் பார்த்தால் இந்த விதியின் அருமை தெரியும். பூட்டு ஆளின் பெயரில் நிற்கிறதா, அமர்வோடு மறைகிறதா என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால், புதிதாக வரும் எந்த மேலாண்மைக் கருவியின் பூட்டையும் பாதிக்கு மேல் புரிந்துகொண்டதாகும்.

பூட்டு செய்யாத வேலைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். தவறான விதியை அது திருத்தாது. சூப்பர்யூசரை அது நிறுத்தாது. மத்தியச் சர்வரில் போட்ட பூட்டு, அந்தச் சர்வரில் இருக்கும் அமைவுக்குத்தான். காவேரிப்பட்டணம் ஆலையில் இருக்கும் ஃபயர்வால் பெட்டிக்குள் உள்ளூர் நிர்வாகக் கணக்கில் நேரடியாக நுழைகிறவரை அது கட்டுப்படுத்தாது. மத்தியிலிருந்து வந்த டெம்ப்ளேட் மதிப்பை அவர் அந்தப் பெட்டியில் மட்டும் மாற்றிக்கொள்ளவும் முடியும். அப்படி மாற்றிய மதிப்பு, அடுத்த புஷ்ஷுக்குப் பிறகும் நிற்கக்கூடும். ‘ஓசூரில் பூட்டியிருந்தேனே, இது எப்படி மாறியது?’ என்ற கேள்விக்குப் பல நேரம் விடை அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும்.

மனிதர்களைத் தவிர நிரல்களும் இந்தப் பூட்டில் முட்டிக்கொள்கின்றன. இரவில் தானாக ஓடி, தடை செய்ய வேண்டிய முகவரிகளைச் சேர்த்துக் கமிட் செய்யும் நிரல் ஒன்றை வைத்திருந்தால், மாலையில் நீங்கள் மறந்துவிட்டுப் போன பூட்டு அதை நிறுத்திவிடும்; பிழைச் செய்தி யாரும் பார்க்காத ஒரு பதிவேட்டில் போய் விழும். அத்தகைய நிரல், கமிட் தவறினால் யாருக்காவது செய்தி அனுப்பும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும். பூட்டைத் தானே உடைக்கும் அதிகாரத்தை மட்டும் அதற்குக் கொடுக்கக் கூடாது. காரணம் கேட்காமல் உடைக்கிற கை அது.

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில், காரணம் எழுதாத பூட்டை யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்று எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கிறோம். நான்கு செய்திகள் குறிப்பில் இருக்க வேண்டும்: எந்த இடம், என்ன வேலை, எப்போது முடியும், நடுவில் உடைக்க நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும். நேற்று என் பக்கத்து இருக்கைக்காரர் போட்டிருந்த பூட்டின் குறிப்பு இப்படி இருந்தது: ‘பாலக்கோடு கொள்முதல் நிலையம். பழைய கேமரா விதியை முடக்கியாயிற்று, புதியது இன்னும் எழுதவில்லை. மாலை 4 மணிக்கு முடியும். அவசரமென்றால் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் மாற்றத்தை மட்டும் கமிட் செய்யுங்கள்.’